வீட்டருகே வில்லோ: வைப்பதற்கு முன்பும் வெட்டுவதற்கு முன்பும்

கேள்வி: இந்த வீட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. பின்பக்கத் தோட்டத்தில் ஒரு மூலை தாழ்வு. மழை விட்டு நாலைந்து நாள் ஆனாலும் தண்ணீர் வடியாது. அங்கே ஒரு தொங்கு வில்லோ (கிளைகள் தரையை நோக்கித் தொங்கும், நீர்க்கரைகளில் வளரும் மரம்) வைத்தால் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். அந்த மூலை சுவரிலிருந்து 30 அடி. இடையில் கழிவுநீர்க் குழாய் போகிறது. வேலியோரம், வீட்டிலிருந்து 25 அடியில், ஏற்கெனவே 35 அடி உயர வில்லோ ஒன்று நிற்கிறது. இந்தக் கோடையில் அந்தப் பக்கத்து ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது. மண் களிமண். புது மரம் வைக்கலாமா? பழைய மரத்தை உடனே வெட்டிவிடலாமா?

பதில்: அந்த மூலையில் தொங்கு வில்லோ வைக்க வேண்டாம். பழைய மரத்தை இப்போதே வெட்டவும் வேண்டாம். முதல் பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது, நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விவரத்தைப் பொறுத்தது: வீடு முதலில் வந்ததா, மரம் முதலில் வந்ததா? அதைப் பிறகு சொல்கிறேன்.

வில்லோ ஈரம் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் இலை இருக்கும் மாதங்களில்தான் உறிஞ்சும். இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் குளிர்காலத்தில் ஏறக்குறைய ஒன்றும் குடிக்காது. தண்ணீர் தேங்கித் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். கோடையிலோ, தானே காய்ந்துகொண்டிருக்கும் களிமண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடும். ஆக, தேங்கும் தண்ணீர் அப்படியே இருக்கும். அஸ்திவாரத்தடி மண் மட்டும் காயும்.

தண்ணீர் ஏன் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் கொட்டுகிறதா? கழிவுநீர்க் குழாய் கசிகிறதா? இரண்டும் இல்லையென்றால், ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, மறுநாள் பாருங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் குழியில் தண்ணீர் நின்றால், அந்த மண் தானாக வடியவிடாது. வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட வடிகால் குழாயை வடிகட்டும் துணியும் சரளையும் சுற்றிப் பதித்து, 100 அடிக்கு ஓரடி சரிவு கொடுத்து, மழைநீர் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவுநீர்க் குழாயில் அதைச் சேர்த்துவிடாதீர்கள். எந்த மரம் வைத்தாலும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

இனி மண். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வில்லோ போன்ற பெரும் தாகமுள்ள மரம் கோடையில் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் காயவைக்கும்போது, அந்தப் பக்கத்து அஸ்திவாரம் கொஞ்சம் இறங்குகிறது. வீடு முழுவதும் ஒன்றாக இறங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் இறங்குவதுதான் சுவரைக் கிழிக்கிறது. வேர் நேரடியாக முட்டித் தள்ளிச் சுவரை உடைப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். தோட்டத்துத் தளக்கல்லையும் நடைபாதையையும் வேர் தூக்கும், மெலிந்த மதில் சுவரைத் தள்ளும். ஆனால் வீட்டு விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் மண் சுருங்குவதுதான். இதனால்தான் மணல் நிலத்தில் நிற்கும் வில்லோவும் களிமண்ணில் நிற்கும் வில்லோவும் வீட்டைப் பொறுத்தவரை வெவ்வேறு மரங்கள்.

உங்கள் மண் எவ்வளவு களி என்பதைக் கையாலேயே பார்க்கலாம். மேல்மண்ணை விட்டுவிட்டு, இரண்டு மூன்றடி ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து, ஈரப்படுத்திப் பிசைந்து, பென்சிலைவிட மெல்லிய திரியாக உருட்டுங்கள். அந்தத் திரியை உடையாமல் வளையமாக வளைக்க முடிந்தால், நன்றாகச் சுருங்கக்கூடிய களிமண். உருட்டும்போதே உதிர்ந்தால் கவலை பாதி குறைகிறது. கோடையில் தரையில் விரல் நுழையும் அளவு வெடிப்பு விழுகிறதா என்பதும் நல்ல அடையாளம்.

தூரக் கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்வது வழக்கம். கட்டடங்களைச் சேதப்படுத்திய மரங்களைப் பற்றி இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டம் 1970களில் விவரம் சேகரித்தது. வில்லோ காரணமாக இருந்த சேதங்களில் 90 விழுக்காடு, மரத்திலிருந்து 18 மீட்டருக்குள், அதாவது சுமார் 60 அடிக்குள் நடந்தவை. பதிவான அதிகபட்ச தூரம் 40 மீட்டர், சுமார் 130 அடி. எல்லா வில்லோவும் 130 அடி தள்ளி நிற்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. களிமண்ணில், ஆழமில்லாத அஸ்திவாரமுள்ள வீடுகளில், இவ்வளவு தூரம் போகக்கூடிய மரம் இது என்றுதான் பொருள். களிமண் நிலத்தில், முழுதாக வளர்ந்த பின் மரம் எட்டும் உயரத்தில் ஒன்றேகால் மடங்கு தூரத்தைக் குறைந்தபட்ச இடைவெளியாக எடுத்துக்கொள்ளலாம். பொன்னிறத் தொங்கு வில்லோ 50 முதல் 65 அடி உயரமும், ஏறக்குறைய அதே அகலமும் போகும். அப்படியென்றால் சுமார் 62 முதல் 81 அடி. உங்களிடம் இருப்பது 30 அடி. நாற்றங்காலில் ஆளுயரச் செடியாகப் பார்க்கும்போது இந்தக் கணக்கு மிகையாகத் தோன்றும். இடம் பிடித்துப்போனால் ஆண்டுக்கு மூன்று, நான்கு அடி சாதாரணமாக வளரும் மரம் இது.

அடுத்து குழாய். கசியாத, இணைப்பு இறுக்கமான குழாயை வில்லோ வேர் துளைத்துக்கொண்டு போவதில்லை. இணைப்பில் மயிரிழை இடைவெளி இருந்து, அதன் வழியாக ஈரம் வெளியே கசிந்தால், சுற்றியுள்ள வேர்கள் அந்த ஈரத்தில் செழித்து உள்ளே நுழைகின்றன. நுழையும்போது நூல் அளவு. உள்ளே உணவும் தண்ணீரும் காற்றும் கிடைப்பதால் பிரிந்து பிரிந்து வளர்ந்து, குதிரைவால் மாதிரி ஒரு கொத்தாகக் குழாயை அடைத்துக்கொள்ளும். டாய்லெட் காகிதமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் மாட்டும். பிறகு நுழைந்த இடத்திலேயே வேர் பருத்து இணைப்பை விரித்துவிடும். சிமென்ட் பூசி இணைத்த பழைய மண்குழாய்களில் இது அதிகம். ரப்பர் வளையம் போட்ட அல்லது ஒட்டி இணைத்த பிவிசி குழாய்களில் குறைவு. கீழ்த்தளத் தண்ணீர் மெதுவாக இறங்குவதும், ஒரு குழாயில் தண்ணீர் விட்டால் இன்னொன்றில் குடுகுடுவென்று சத்தம் வருவதும் முதல் அடையாளங்கள்.

உங்கள் குழாய் பழையது என்றால், மரத்தைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதற்கு முன் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கசியும் குழாய் அஸ்திவாரத்தடி மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தால், அந்த ஜன்னல் விரிசலுக்கு மரம் பொறுப்பே இல்லாமல் இருக்கலாம். வேர் உள்ளே இருப்பது தெரிந்தால், வெட்டி எடுத்துவிட்டு அந்தக் குழாய்க்கு உள்ளுறை போடவோ, அந்தத் துண்டை மாற்றவோ வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் வேர் மறுபடி வரும், முன்னைவிட அடர்த்தியாகவே வரும். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. குழாய்க்குள் இருக்கும் வேரின் நுனியை மட்டும் அது கருக்கும். செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிரிகளையும் கெடுக்கும், கடைசியில் நீர்நிலைக்கும் போய்ச் சேரும். செய்யாதீர்கள். செப்டிக் டேங்கும் கழிவுநீர் மண்ணில் ஊறும் பரப்பும் உள்ள வீடுகளில், அந்தப் பரப்பிலிருந்து 100 அடிக்குள் பெரிய வில்லோ எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

வேர்த்தடுப்புப் பலகை போட்டால் போதாதா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெட்டியான பாலிஎத்திலீன் தகட்டை நான்கடி ஆழத்துக்குக் குறையாமல், மேல் விளிம்பு தரைக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி, ஒட்டும் இடங்களில் இடைவெளி விடாமல் பதிக்க வேண்டும். விளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் வேர் மேலே ஏறித் தாண்டிவிடும். வில்லோவின் வேரில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் ஓடும். அதனால் தடுப்பு ஓரளவு வேலை செய்யும். ஆனால் அடியில் ஈரம் இருந்தால் கீழே இறங்கி அந்தப் பக்கம் போய்விடும். ஒரு குழாயைக் காக்க இது துணைக்கருவி. வீட்டைக் காக்க இதை மட்டும் நம்பக் கூடாது. வளர்ந்த மரத்தருகே பள்ளம் வெட்டுவதாக இருந்தால் தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு தூரம் மரத்துக்குரிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அடி விட்டமுள்ள மரத்துக்கு 18 அடி. அதற்குள்ளே ஒரு பக்கத்து வேரையெல்லாம் அறுத்தால், அடுத்த பெருங்காற்றில் மரம் எதிர்ப்பக்கம் சாயும். அந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கலாம்.

இப்போது உங்கள் பழைய மரமும் விரிசலும். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களைக் குறித்து, மாதம் ஒருமுறை அதே இடங்களில் அகலத்தை அளந்து குறித்துவையுங்கள். மேலே அகன்று கீழே குறுகி, கோடையின் கடைசியில் அதிகமாகத் திறந்து, ஈரக்காலத்தில் ஓரளவு மூடிக்கொண்டால், மண் சுருங்கி விரியும் அசைவுதான். பருவத்தோடு தொடர்பில்லாமல் விரிந்துகொண்டே போனால் காரணம் வேறு. கசியும் குழாய், சரியாக இறுக்கப்படாத நிரப்பு மண் என்று பலவும் இருக்கலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் ஓராண்டு அளந்து பார்க்க நேரம் உண்டு. 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு ஜன்னல்கள் சட்டத்தில் சிக்கத் தொடங்கினாலோ, காத்திருக்காமல் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் மரத்தில் கை வைப்பதற்கு முன் அவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. மரம் போய்விட்டால் பிறகு காரணத்தை நிரூபிப்பது கடினம்.

வீடு முதலா, மரம் முதலா என்று கேட்டேன் அல்லவா? மரம் வீட்டைவிட மூத்தது என்றால், அஸ்திவாரம் போட்ட நாளிலேயே அந்த மண் மரத்தால் காய்ந்து சுருங்கிய நிலையில் இருந்திருக்கும். மரத்தை எடுத்துவிட்டால் அந்தக் களிமண் ஆண்டுக்கணக்கில் தண்ணீரை வாங்கி உப்பி, அஸ்திவாரத்தை மேல்நோக்கித் தூக்கும். இறங்குவதைவிட இப்படித் தூக்குவது சரிசெய்யக் கடினமான சேதம். வீடு மூத்தது, மரம் பிறகு வந்தது என்றால், மண் பெரும்பாலும் தன் பழைய மட்டத்துக்குத் திரும்புவதோடு நின்றுவிடும்; மரத்தை எடுப்பது பாதுகாப்பான வழியாக இருக்கும். வீட்டின் பத்திரத்தில் கட்டிய ஆண்டு இருக்கும். மரத்தின் வயதைத் தண்டின் சுற்றளவை வைத்து ஒரு மரநிபுணர் தோராயமாகச் சொல்லிவிடுவார். உங்கள் மரம் 35 அடிதான் என்பதால், வீடு மிகப் புதிதாக இல்லாவிட்டால், வீடுதான் மூத்தது என்று ஊகிக்கிறேன். ஊகத்தை வைத்து வெட்ட வேண்டாம்.

வெட்டாமல் குறைத்து வைத்துக்கொள்ளலாமா? வைக்கலாம், ஆனால் எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்கிளைகளை அங்கங்கே கழித்துக் காற்றோட்டம் செய்வதால் மரம் குடிக்கும் தண்ணீர் குறைவதில்லை; மிச்ச இலைகள் வெளிச்சம் பெற்று அந்த வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. கிளையும் இலையும் சேர்ந்த தலையின் பருமனில் 70 விழுக்காட்டுக்குமேல் எடுத்தால்தான் மண்ணின் ஈரத்தில் வித்தியாசம் தெரியும். அதுவும் புதுத் துளிர் பழைய அளவுக்கு வரும்வரைதான், வில்லோவில் அது இரண்டு மூன்று ஆண்டுகள். ஆகவே ஒருமுறை செய்து விடும் வேலை அல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துச் செய்ய முடியாது என்று தோன்றினால், பொறியாளரின் ஒப்புதலோடு மரத்தை எடுப்பதே நேர்மையான முடிவு. பாதி வெட்டி மறந்துவிட்ட வில்லோதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெட்டிய இடத்தில் கிளம்பும் கனத்த வாதுகள் கெட்டியான பிடிப்பில்லாமல் மேல்பட்டையோடு ஒட்டி நிற்கும். அடியில் அழுகல் இறங்கும். ஒருநாள் காற்றில்லாமலேயே பிளந்து விழும்.

குறைப்பது என்று முடிவெடுத்தால் இலையில்லாத காலத்தின் கடைசியில், மொட்டு விரியும் முன் செய்யுங்கள். கனமான கிளையை ஒரே வெட்டில் அறுக்கக் கூடாது. வில்லோ மரம் மென்மையானது, பட்டை உரிந்து தண்டுவரை கிழியும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கீழ்ப்புறத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து அறுத்துக் கிளையை விழவையுங்கள். மிஞ்சிய முண்டை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி, வளையத்தை வெட்டாமல் எடுங்கள். காயத்துக்குப் பெயின்ட், தார் எதுவும் வேண்டாம். தரையில் நின்று கைக்கெட்டும் கிளைகளுக்கு மட்டும் இது. ஏணியில் நின்று ரம்பம் பிடிக்காதீர்கள். 35 அடி மரத்தின் தலையைக் கயிற்றில் ஏறும் பயிற்சி உள்ளவர்தான் குறைக்க வேண்டும். அவரிடம் அடித்தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தூரில் பலகைக் காளான் இருந்தாலோ, ஒரு பக்கம் மண் எழும்பியிருந்தாலோ, குறைப்பதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

ஆசைக்கு ஒரு வில்லோ வேண்டும் என்றால் சிறியவை இருக்கின்றன. கில்மார்னாக் என்று விற்கும் ஒட்டுச் செடியின் உயரம் ஒட்டுப் போட்ட தண்டின் உயரத்தோடு நின்றுவிடும், ஐந்து ஆறு அடி. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். விட்டால் கீழ்த்தண்டின் செடி மேலேறி, தொங்கும் தலை பட்டுப்போகும். ஊதா வில்லோவின் குட்டை வகை நான்கு ஐந்து அடிப் புதராக நிற்கும். இவற்றை வீட்டிலிருந்து 15 அடியில் வைக்கலாம், குழாயின் மேல் மட்டும் வேண்டாம். பஞ்சு பறப்பது பிடிக்காவிட்டால் ஆண் செடியாகக் கேட்டு வாங்குங்கள். வில்லோவில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள், பஞ்சு பெண் மரத்தில்தான். வசந்தத்தின் தொடக்கத்தில், வேறு பூ அதிகம் இல்லாத நாட்களில், தேனீக்களுக்கு முதல் மகரந்தம் கொடுப்பவை ஆண் மரங்கள்.

நடுவது சுலபம். குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரம் மட்டுமே, அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. தண்டு வேராக விரியும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் நாலைந்து ஆண்டு நன்றாக வளர்வதுபோல் காட்டிவிட்டுப் பிறகு நோஞ்சானாகும். குழிக்குள் உரம் போட வேண்டாம். மண்மேல் மூன்று அங்குல மூடாக்கு (சருகு அல்லது மரச்சீவல்), தண்டைத் தொடாமல். முதல் கோடையில் வாரம் இருமுறை 20 லிட்டர் தண்ணீர். முட்டுக் கொம்பை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். போத்து வைப்பதானால் இன்னும் எளிது: இலையில்லாக் காலத்தில் பென்சில் கனமுள்ள, ஓரடி நீளக் குச்சியில் முக்கால் பங்கை மண்ணில் செருகினால் போதும், வேர்விடு மருந்தே தேவையில்லை. வெட்டிய பச்சைக் கிளைகளை ஈரத் தரையில் போட்டு வைக்காதீர்கள், வேறு செடிக்கு முட்டாகவும் நடாதீர்கள். அவையே வேர்விட்டு, வேண்டாத இடத்தில் மரமாகிவிடும்.

எப்போதாவது போதிய இடமுள்ள நிலத்தில் பெரிய வகையை வைத்தால், தலைவெட்டு முறையை முதலிலிருந்தே தொடங்குங்கள். தண்டு நான்கு அங்குல விட்டம் வந்ததும் ஏழெட்டு அடி உயரத்தில் தலையை எடுங்கள். அதன்பின் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, புடைத்த முடிச்சை வெட்டாமல், அதிலிருந்து கிளம்பிய வாதுகளை மட்டும் கழியுங்கள். இளமையில் தொடங்கினால் காயம் சின்னது, ஆறிவிடும்.

பழைய மரத்தை எடுப்பதுதான் முடிவு என்றால் இரண்டு விஷயங்கள். வெட்டுவதற்கு முன் உள்ளாட்சி அனுமதி தேவையா என்று கேளுங்கள். மரம் வேலியின் மேல் நின்றால் பக்கத்து வீட்டாரின் ஒப்புதலும் வேண்டும். அடுத்தது அடிக்கட்டை. அதை விட்டுவைத்தால் அடுத்த வசந்தத்தில் சுற்றிலும் துளிர் விடும், தண்ணீரும் குடிக்கத் தொடங்கும். தரைக்குக் கீழ் ஓரடிவரை இயந்திரத்தால் அரைத்துவிடலாம். அரைக்க வழியில்லையென்றால், வெட்டிய சில நிமிடங்களுக்குள் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் பட்டைக்கு உட்புற வளையத்தில் மட்டும் பிரஷ்ஷால் தடவ வேண்டும். நடுக்கட்டையில் தடவிப் பயனில்லை, வெட்டு காய்ந்தபின் தடவினாலும் பயனில்லை. அருகில் இன்னொரு வில்லோ இருந்து இரண்டின் வேரும் ஒட்டியிருந்தால் மருந்து அதற்கும் போகும். அங்கே அரைப்பதுதான் வழி.

மரம் போனபின் விரிசலைப் பூச அவசரப்பட வேண்டாம். களிமண் மறுபடி ஈரம் வாங்கி நிலைகொள்ள ஒரு முழு ஈரக்காலமாவது ஆகும், கனத்த களியில் சில ஆண்டுகளும் ஆகலாம். மாதந்தோறும் அளந்த கணக்கில் அடுத்தடுத்து ஒரு கோடையும் ஒரு ஈரக்காலமும் அசைவில்லாமல் கழிந்தால், அப்போது பூசுங்கள்.